ஓரத்தையல்

வங்காளத்திலிருந்து கப்பலேறி வரும் சணல்
திமிங்கில எண்ணெயில் ஊறிக் குழையும்.
டண்டீயில் நாங்கள் அதை நூலாக்கி, துணியாக்கி,
இரண்டாய் மடித்து
இரு ஓரமும் தைத்தால் சாக்கு.
அதில் மண்ணை நிரப்பினால் போர்.

அந்த நாற்றம் கைவிட்டுப் போவதே இல்லை.
டிராமில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

ஆலைக்குள் யார் குரலும் யாருக்கும் கேட்காது.
உதடுகளைப் படிப்போம்.
பெத்தியா மேஸ்திரியைத் திட்டினால்
அவள் வாயைப் பார்த்தே
மொத்த வரிசையும் சிரிக்கும், சத்தமில்லாமல்,
சத்தத்துக்கு நடுவில்.

வாட்டி கீலர் என் புருஷன்.
எங்கள் ஊரில் வேலை பெண்களுக்குத்தான்,
கூலி பாதி என்பதால்.
பதினெட்டு முடிந்ததும் ஆலை அவனை வெளியே அனுப்பியது,
ஆண்கூலி கேட்டுவிடுவான் என்று.
அதன்பிறகு கெட்டில் வைத்தான்.
உருளைக்கிழங்கு உரித்தான்.
பிள்ளைக்கு மூக்கு சிந்திவிட்டான்.
தெருமுனையில் அவனுக்குக் கெட்டில்காரன் என்று பேர்.
நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் கூப்பிட்டேன்.

அடுத்த திங்களே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

பைப் ஊதிக்கொண்டு ரயிலடிக்குப் போனார்கள்.
எல்லோரும் எங்கள் சந்து, எங்கள் மாடிப்படி,
நேற்றுவரை சுவரில் சாய்ந்து நின்ற முதுகுகள்.
கில்ட்டுக்குக் கீழே அவன் முழங்கால்
அவ்வளவு வெளுப்பென்று
அன்றுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

எழுதினான்:
மடிப்புக்கு மடிப்பு பேன்.
மெழுகுவர்த்தியை ஓட்டினால் பட்பட்டென்று வெடிக்கிறது.
ஈரத்தில் கில்ட்டின் விளிம்பு உறைந்து
முட்டிக்குப் பின்னால் அறுக்கிறது.
எட்டுப் பேருக்கு நான்தான் டீ போடுகிறேன்,
நல்ல டீ என்கிறார்கள்.
அதைச் சொல்லி இங்கே யாரும் சிரிப்பதில்லை.

மறுபக்கத்தில், பென்சில் மங்கி:
சாக்கெல்லாம் நம் ஊருடையதுதான்,
முகர்ந்தாலே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.
என் தலைமாட்டில் ஒன்று
ஓரம் விட்டு மண் ஒழுகுகிறது.
உன் தையல் அப்படி விடாது.
பெத்தியாவிடம் சொல், அவள் மனம் நோகாமல்.

சொன்னேன். பெத்தியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
அவனுக்கு நான் எழுதாதது ஒன்று:
அந்த மாதம் ஆர்டர் இரட்டிப்பு,
சாக்குக் கணக்கில் கூலி.
அங்குலத்துக்கு மூன்று தையல் போட வேண்டிய இடத்தில்
இரண்டு போட்டேன்.
பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்கினேன்.

செப்டம்பர் கடைசியில்
தபால்காரர் ஒரே படிக்கட்டில்
நான்கு கதவு தட்டினார். என் கதவை அன்று தட்டவில்லை.
மறுநாள் பெத்தியா தாமதமாக வந்தாள்.
அவள் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தானாம்.
இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்று
உதடு அசைத்தாள்.
புரிந்தது. புரியாத மாதிரி
திரும்பச் சொல்லச் சொன்னேன்.
மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை.
ஊசி ஓடிக்கொண்டிருந்தது,
கை தானாகத் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் அவன் பொருள்கள் வந்தன.
ஒரு கரண்டி, தொப்பியின் சின்னம்,
அடியில் தூள் ஒட்டிய தேயிலை டப்பா.
எல்லாம் ஒரு மண்சாக்கில் சுற்றி.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
அங்குலத்துக்கு இரண்டு.
முனையில் என் முடிச்சு.

எந்தச் சாக்கென்று எனக்குத் தெரியாது.
லட்சம் சாக்கு போயிருக்கிறது,
எந்தத் தலைமாட்டில் எது இருந்ததென்று யார் சொல்வது.
அவன் என் முடிச்சைப் பார்த்தும்
பெத்தியா பேரை எழுதியிருப்பானோ
என்பதும் தெரியாது.

வாசல் கல்லில் உதறினேன்.
சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மண்.
வெந்நீரில் அலசி, கெட்டிலுக்கு மேலே கொடியில் காயவைத்து
இரு ஓரமும் பிரித்து
கையாலேயே தைத்தேன்,
அங்குலத்துக்கு நான்கு.

காலையில் என் கட்டோடு வைத்தேன்.
மேஸ்திரி எண்ணினான்,
ஒன்று அதிகம் என்று விரலைக் காட்டினான்,
அதற்குக் கூலி கிடையாதென்று தலையாட்டினான்.

வேண்டாம் என்றேன்.
அவனுக்கு உதடு படிக்கத் தெரியாது.